ஆறாவது இதழ்

விஞ்ஞான டீச்சரை நம்பலாமா கூடாதா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆசிரியர் அறையில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் வருஷக் கணக்காக இருந்திருக்கிறேன். ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறோம். அப்படியிருந்தும் அவர் நெருங்கி வந்தால் என் கை தன்பாட்டில் போய்க் கைப்பையின் சிப்பை இழுத்து மூடிவிடும். எடுத்துவிடுவார் என்றல்ல. உள்ளே கிடப்பதைப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்டு வைப்பாரே என்றுதான்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் செக்பொயின்ட். கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போவதென்றால் அந்த யுத்த நாளில் எத்தனை இடத்தில் ஆமிக்காரர் இறக்கி, வரிசையில் விட்டு, அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து அனுப்புவார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அதே பார்வையைத்தான் டீச்சரும் பைலுக்கும் பிள்ளையின் முகத்துக்கும் நடுவில் ஓடவிடுவார். பெயர் தனக்குத் தெரியும் என்று அவர் காட்டிக்கொண்டதில்லை. தெரியாமல் இருந்திருக்க முடியாது, அவருக்குத் தெரியாமல் அந்தப் பள்ளிக்கூடத்தில் பல்லி கூடக் கத்தவில்லை.

அவர் விஞ்ஞானம் படிப்பித்தார். நான் மனையியல். பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரச் சோதனைக்குப் போகிற பிள்ளைகள் கடைசி இரண்டு வகுப்பிலும் செய்த வேலைகளை, படம், செயல்முறை, சேகரிப்பு எல்லாவற்றையும், பாடத்துக்கு ஒரு பைலாகக் கோத்துத் தர வேண்டும். அந்தந்த ஆசிரியர் புள்ளி போட்டுக் கல்விக் கந்தோருக்கு அனுப்ப வேண்டும். அதற்குக் கணிப்பீடு என்று பெயர். சோதனைப் பெறுபேற்றோடு இந்தப் பெறுபேறும் சான்றிதழில் அச்சாகி வரும். மற்ற ஆசிரியர்களுக்கு இது தலையிடி பிடித்த எழுத்து வேலை. அவருக்கு அது விசாரணை.

பைலைத் திறக்க முதல் மணந்து பார்ப்பார். புதுப் பசை மணம் வந்தால் உதட்டில் ஒரு நெளிப்பு. விரலில் எச்சில் தொட்டு மையைத் தேய்ப்பார். பிறகு பிள்ளையின் நடுவிரலைப் பிடித்துப் பேனை அழுத்திய காய்ப்பு இருக்கிறதா என்று தடவுவார். எல்லாம் முடிய, குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி.

"இது ஆர்ட கை?"

"எண்ட கைதான் டீச்சர்."

"அப்ப இதில கீறு பாப்பம்."

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எப்போதும் தயாராக இருக்கும். ஒருமுறை ஒரு பெடியனிடம் படம் கூடக் கேட்கவில்லை, பெயரை மட்டும் எழுதச் சொன்னார். எழுதினான். அதையும் பைலின் மட்டையில் பூப்போட்டு எழுதியிருந்த பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உண்ட பேர உன்ன விட நல்லா எழுதுற ஆள் ஒண்டு உங்கட வீட்டில இரிக்கி மகன். அவருக்கு நான் புள்ளி போடுறன், நீ சலாம் செல்லு."

சந்தேகம் வீண் என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊர்களில் பைல் என்பது ஒரு பிள்ளையின் வேலை அல்ல, ஒரு வீட்டின் வேலை. உம்மா கரைக்குக் கோடு போடுவாள். கட்டாரில் இருக்கிற நானா, அதாவது அண்ணன், மினுங்கல் பேனை அனுப்புவார். எல்லாவற்றையும் விட முக்கியமானவர் புது மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். வந்தவர் படித்தவராக இருந்துவிட்டால் முடிந்தது கதை. மச்சினியின் பைல் அவர் தலையில் விழும். புது இடம், மாமியாரின் முகத்தை முறிக்க முடியாது, மனிசன் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு விறாந்தையில் குந்தி இதயத்தின் குறுக்குவெட்டு முகம் கீறுவார். படித்த மாப்பிள்ளை எடுத்த வீட்டில் இளைய பெண்ணுக்கு ஏ தரம் வரும் என்பது எங்களுக்குள் ஒரு கணக்கு.

டீச்சர் அந்தக் கணக்கைக் கலைத்தார். மினுங்குகிற பைலுக்குக் குறைத்தார், கோணல் மாணலாக இருந்ததற்குக் கூட்டினார். ஊர் சும்மா இருக்குமா? பஸ் நிலையத்தடியில் கொமினிகேசன் என்ற போன், போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தவர் அதுவரை அழகான பைல் செய்து விற்றவர், அடுத்த தவணையே அழுக்குப் பைலுக்கு மாறினார். இடது கையால் எழுதி, இரண்டு இடத்தில் வெட்டி, பக்கத்தைக் கசக்கி, மேலே தேத்தண்ணி தெளித்துக் கொடுத்தார். அழகான பைலை விட அதற்கு விலை கூட.

டீச்சர் கறை பிடித்த அந்தப் பக்கத்தையும் மூக்கருகில் கொண்டுபோனார்.

"உங்கட வீட்டில தேத்தண்ணிக்கு இஞ்சி போடுறயா?"

"இல்ல டீச்சர்."

"இதில இஞ்சி மணக்குது. கடைத் தேத்தண்ணி. கடையில இரிந்தா எழுதின?"

அந்தப் பிள்ளை அழுதுவிட்டாள். நாங்கள் ஆசிரியர் அறையில் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்கு மட்டும் உள்ளே ஒன்று உறுத்தியது. இத்தனை பேரை இவர் சோதிக்கிறார், இவரை யார் சோதிக்கிறது? அவர் போட்ட புள்ளிகள் இரும்பு அலுமாரியில் இருக்கும். சாவி கழுத்துச் சங்கிலியில், பர்தாவுக்கு உள்ளே. அதிபர் கேட்டால் கூடத் திறந்து, தானே வாசித்துக் காட்டிவிட்டு மூடுவார்.

அந்த வருஷம் அவருடைய தம்பியின் மகளும் பதினோராம் வகுப்பில் இருந்தாள். நாங்கள் எல்லோரும் கண்ணை அகல வைத்துக்கொண்டு பார்த்தோம். மருமகளின் பைல் வந்தது. முதல் பக்கத்தைப் புரட்டினார், மூடினார். "இது எண்ட தம்பிர பொஞ்சாதிட கை" என்று வகுப்புக்குக் கேட்கச் சொல்லி மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். தம்பி பெண்சாதி அந்தப் பெருநாளைக்கு அவர் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. மாஷா அல்லாஹ், என்ன நேர்மை என்று மற்றவர்கள் சொன்னார்கள். என் தொண்டைக்குள் அது இறங்கவில்லை. எல்லோரும் பார்க்கத் தள்ளிவிட்டதை யாரும் பார்க்காதபோது இழுத்து எடுக்க எவ்வளவு நேரம் செல்லும்?

அந்தப் பிள்ளைகள் சோதனை எழுதி முடித்து, விடுமுறை தொடங்கிய கையோடு அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் வந்தது.

அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் பள்ளிக்கூடம் கடற்கரைப் பக்கம் இருந்தது என்று சொன்னால் போதும். இரும்பு அலுமாரியைப் பிறகு யாரோ ஒருவருடைய கிணற்றுக்குள் கண்டார்கள். கதவு மடிந்து, உள்ளே மண்ணும் சிப்பியும். அந்த வகுப்புப் பிள்ளைகளில் பலர் இல்லை. என் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கையின், மகள் ஹலீமா; அவளுடைய மூத்தவள் றிஸ்னா அவர்களில் ஒருத்தி. ஹலீமாவும் சின்னவனும் அன்று காலையில் மெயின் றோட்டுக்கு அப்பால் ஒரு வீட்டுக்குப் போயிருந்ததால் மிஞ்சினார்கள். புருஷன் தென்னையைப் பிடித்து மிஞ்சினார். றிஸ்னா மட்டும் வீட்டில் நின்றாள். வீட்டில் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருந்தது, வேலியில் அதுவும் இல்லை.

றோட்டுக்கு மேல்பக்கத்தில் தப்பிய ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பின்னேர வகுப்பு நடத்த இடம் தந்தார்கள். அங்கேதான் அதிபர் கூட்டம் வைத்தார். பதினோராம் வகுப்பின் கடைசித் தவணைக் கணிப்பீட்டுப் புள்ளிகள் அனுப்பாமலே பள்ளிக்கூடத்தோடு போய்விட்டன. ஆசிரியர்களே மதிப்பிட்டுப் புதிதாக அனுப்பலாம் என்று கந்தோரில் சொல்லியிருந்தார்கள்.

"எல்லாப் புள்ளைகளுக்கும் ஏ போட்டு அனுப்புவம்" என்றார் அதிபர். "மவுத்தான புள்ளைகளுக்கும் சேத்துத்தான். இந்த நேரத்தில ஆர் கேக்கப் போறாங்க?"

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். இன்றைக்கும் அதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை.

"நான் கேப்பன் சேர்" என்றார் டீச்சர்.

அவர் எழும்பவில்லை, இருந்தபடியே பேசினார். "மத்தப் பாடங்களுக்கு உங்களுக்கு விருப்பமானதப் போடுங்க. விஞ்ஞானத்துக்கு நான் போடுறன். இரிக்கிற புள்ளைகள் எனக்கு முன்னால இரிந்து ஒரு வேலை செய்யட்டும். இல்லாத புள்ளைகள் செஞ்சது எனக்கு ஞாபகம் இரிக்கி."

"ஞாபகத்தில இரிந்தா டீச்சர் புள்ளி போடப் போறீங்க?"

"ஓம்."

ஞாபகம்! பிள்ளையின் விரல் காய்ப்பைத் தடவிப் பார்க்காமல் ஒரு வரியை நம்பாதவர், தன் ஞாபகத்தை மட்டும் நாங்கள் நம்ப வேண்டும் என்கிறார். எல்லோருக்கும் ஏ என்றால் மருமகள் கூட்டத்தோடு கூட்டமாகிவிடுவாள், அதுதான் தடுக்கிறார் என்று எனக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியை காதுக்குள் சொன்னார். நான் மறுக்கவில்லை.

ஹலீமாவை முகாமில் இருந்து ஒரு தகரக் கொட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள். பார்க்கப் போனபோது உள்ளே கம்பில் ஒரு கண்ணாடிப் பிரேம் தொங்கியது. அதற்குள் ஒன்றும் இல்லை. படம் எடுத்து வைக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை, இருந்த உடுப்பு, கொப்பி, ஓதுகிற குர்ஆன், எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது. பிள்ளை இந்தத் துனியாவில் இருந்தாள் என்பதற்கு இனி வரப்போவது சோதனைச் சான்றிதழ் ஒன்றுதான். அதற்காக ஹலீமா முன்கூட்டியே பிரேம் தேடி வைத்திருந்தாள்.

"ராத்தா, எண்ட புள்ளட கடைசித் தாள் அது" என்றாள். "அதில ஒரு குறையும் இரிக்கப்படாது. விஞ்ஞான டீச்சர்க்கிட்டக் கொஞ்சம் கதைங்க. நீங்க செல்லினாக் கேப்பாங்க."

நான் சொன்னால் கேட்பாராம். ஆனாலும் போனேன். வகுப்பு மாறுகிற நேரம் பார்த்து மாமரத்தடியில் பிடித்தேன்.

"றிஸ்னாக்கு விஞ்ஞானத்துக்கு என்ன டீச்சர் போட்டீங்க?"

"சி."

"சியா? மவுத்தான புள்ள டீச்சர்!"

"மவுத்தான புள்ளதான். செஞ்சது உசிரோட இரிக்கக்குள்ள."

எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. "உசிரோட இரிக்கிற உங்கட மருமகளுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாத கேள்விதான், கேட்டதில் சந்தோஷமாகவும் இருந்தது.

"அவளுக்கும் சி" என்றார். என் முகத்தைப் பார்த்து, "நம்பாட்டி விடுங்ககா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் போய்விட்டார். நான் நம்பவில்லை. தம்பி பெண்சாதி மகளின் சான்றிதழைப் பிற்பாடு யாருக்கும் காட்டவில்லை, ஆகவே அது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சான்றிதழ்கள் வந்தன. றிஸ்னாவின் கணிப்பீட்டு வரிசையில் மேலிருந்து கீழ் வரை ஏ. நடுவில் ஒரே ஒரு சி. நான்தான் அதை ஹலீமாவின் கையில் கொடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம், தலைமுந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். என்ன ஆகப் போகிறதோ என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

டீச்சர் வெறும் வகுப்பறையில் தனியாக இருந்து திருத்திக்கொண்டிருந்தார். ஹலீமா சான்றிதழை மேசையில் வைத்தாள்.

"எல்லா டீச்சர்மாரும் எண்ட புள்ளைக்கு ஏ போட்டிரிக்காங்க. உங்களுக்கு மட்டும் அவள் என்ன செய்த? மவுத்தாப் பெய்த்த புள்ளைக்கும் குறைச்சுத்தான் போடுவீங்களா?"

மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஆறுதல் வார்த்தையாவது சொல்வார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. பேனையை மூடி வைத்தார்.

"இரிங்க" என்றார். "உங்கட வேலியில செவ்வரத்த நிண்டதா?"

"ஓம்."

"பூவைக் கீறி வரச் சென்னன். எல்லாப் புள்ளைகளும் அஞ்சு இதழ் கீறிரிந்தாங்க. உங்கட மகள் ஆறு. இது ஆர்ட கை, ஆரப் பாத்துக் கீறின எண்டு கேட்டன். எங்கட வேலிப் பூவப் பாத்துக் கீறின, எங்கட பூ ஆறு இதழ் டீச்சர் எண்டா. பொய் செல்லாத எண்டு ஏசினன். அடுத்த நாள் பூவோட வந்தா. எண்ணிப் பாத்தன். ஆறுதான். ஒட்டிக் கொண்டு வந்திரிக்காளெண்டு எனக்குச் சந்தேகம். ஒரு இதழப் புடிச்சு இழுத்தன். கையோட வந்திட்டு. 'இஞ்ச பாருங்க, நீங்கதான் அஞ்சாக்கிட்டீங்க டீச்சர்' எண்டு சிரிச்சா."

டீச்சர் சான்றிதழைத் தன் பக்கம் திருப்பினார்.

"பூவுக்கு முழுப் புள்ளியும் குடுத்தன். மத்த வேலைகள் குறைவு. கவராயத்தால வட்டம் கீறினா மூடமாட்டா. மின்சுற்றுக் கீறினா ஒரு இடத்தில விட்டிருவா, அந்தச் சுற்றில குமிழ் எரியாது. ரெண்டு பக்கம் வெறும. ஆனா அந்தப் பைலில ஒரு எழுத்தும் வேற ஆள்ட கை இல்ல. அதுக்கு நான் சி போட்டன். அது அவட சி."

வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஹலீமா மெதுவாகக் கேட்டாள்: "சிரிச்சாளா?"

"ஓம். சிரிச்சா."

"எப்பிடி?"

"கையால வாயப் பொத்திக் கொண்டு."

ஹலீமா கதிரையில் இருந்துவிட்டாள். முகாமிலும் கொட்டிலிலும் அவளிடம் வந்த எல்லோரும் றிஸ்னா எப்படிப் போனாள் என்பதைத்தான் கதைத்தார்கள். அவள் எப்படிச் சிரித்தாள் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. கனநேரம் அழுதாள். எழும்பிச் சான்றிதழை எடுத்துச் சுருட்டும்போது சொன்னாள்: "மத்தவங்க எண்ட புள்ளைக்கு இரக்கம் போட்டிரிக்காங்க. நீங்கதான் புள்ளி போட்டிரிக்கீங்க."

சான்றிதழ் பிரேமுக்குள் போனது. கொட்டிலில் இருந்து வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கும் போனது. வருகிறவர்களுக்கு ஹலீமா ஏ எதையும் காட்ட மாட்டாள். சி இருக்கிற இடத்தில் விரலை வைத்து, ஆறு இதழ்க் கதையைத் தொடக்கத்தில் இருந்து சொல்வாள். கேட்கிறவர்கள் கண் கலங்கிப் போவார்கள். எனக்கும் கலங்கியது, முதல் நாள் மட்டும்.

இரண்டாம் நாள் விடிய எழும்பி என் வாசல் படலையடிக்குப் போனேன். அங்கே, கடல் எட்டாத மேல்பக்கத்தில், ஒரு செவ்வரத்தை நிற்கிறது, செம்பருத்தி என்றும் சொல்வார்கள். கடல் வருவதற்கு முந்திய மாரியில் ஹலீமாவின் வேலியில் ஒடித்து வந்து நான் நட்ட கம்பு. பூத்திருந்தது. எண்ணினேன். ஐந்து. அடுத்த பூ, ஐந்து. அன்றிலிருந்து எனக்கு அது ஒரு வியாதியாகப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் போக வெளிக்கிட்டு நிற்கும்போது கூட இரண்டு பூவை எண்ணிவிட்டுத்தான் காலடி வைப்பேன். ஒரு நாள் கூட ஐந்து ஆறாகவில்லை.

யோசிக்க யோசிக்க எல்லாமே இடித்தது. வேலியில் செவ்வரத்தை நின்றதா என்று அவர் முதலில் கேட்டார் அல்லவா? சாய்ந்தமருதில் எந்த வேலியில் செவ்வரத்தை நிற்கவில்லை? ஆம் என்ற பிறகுதானே கதை வந்தது. றிஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்த விஷயம். பூ காய்ந்துவிட்டது, பைல் கடலில், வேலி கடலில், பிள்ளையும் இல்லை. சாட்சி என்று ஒன்றுமே இல்லாத இடமாகப் பார்த்து அவர் கதையை நட்டிருக்கிறார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கையெழுத்தில் பொய்யைத் தேடியவருக்கு, பிடிபடாத ஒரு பொய்யை எழுதத் தெரியாதா? ஹலீமாவுக்கு ஆறுதல் கொடுக்கச் சொன்னதென்றால் அது நல்ல மனசு. தான் போட்ட சியைக் காப்பாற்றச் சொன்னதென்றால் அது வேறு சங்கதி. இரண்டில் எது என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க நான் நாலைந்து வருஷம் முயன்றேன். அந்த முகத்தில் யாரால் எதைக் கண்டுபிடிக்க முடியும்?

யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். றோட்டோரத்து மண்மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள், காரைதீவுப் பக்கம் பஸ் நிற்காமலே போகத் தொடங்கியது. புது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அண்ணன்மார் சொல்லக் கேட்டு டீச்சரைச் செக்பொயின்ட் என்று அழைத்தார்களே தவிர, ஏன் என்று கேட்டால் முழித்தார்கள். அந்தக் காலத்தில்தான் அவர் ஓய்வு பெற்றார். போவதற்கு முதல் கடைசித் தொகுதி பைல்களையும் மணந்து பார்த்துவிட்டே போனார்.

கொஞ்ச நாளில் மருமகளின் கலியாணத்துக்குச் சொல்ல என் வீட்டுக்கு வந்தார். தம்பி குடும்பத்தோடு எப்போது ராசியானார் என்று நான் கேட்கவில்லை, மனசுக்குள் குறித்துக்கொண்டேன். தேத்தண்ணி குடித்தார், வெளிக்கிட்டார். படலையடியில் நின்றுவிட்டார்.

"இது எங்கத்தச் செவ்வரத்த?"

இந்தக் கேள்விக்காகவே நான் வருஷக் கணக்காகக் காத்திருந்தேன். "ஹலீமாட வேலியில ஒடிச்ச கம்பு டீச்சர்" என்றேன்.

அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பூவைப் பிடித்தார். விரலால் இதழ் இதழாகத் தொட்டார். அடுத்த பூ. அதற்கடுத்தது. எட்டாத கொப்பை வளைத்து அதையும் எண்ணினார். செக்பொயின்ட் டீச்சர் சோதிக்க, அவரை நான் சோதித்துக்கொண்டு நின்றேன்.

"எத்தின டீச்சர்?"

"அஞ்சு."

"எல்லாமா?"

"எல்லாம்." கொப்பை விட்டார். அது ஆடி நின்றது. "ஹலீமா இஞ்ச வாறவவா?"

"இவ்வளவு நாளும் நான்தான் அங்க போவன். மகனுக்குப் பள்ளிக்கூடம் மாத்துற விசயமா வாற வெள்ளிக்கிழமை வரச் சொல்லிரிக்கன்."

அவர் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். "பூச்சி புடிச்சிரிக்கிகா. வெட்டிப் போட்டு வேற கம்பு நடுங்க" என்றார்.

நானும் இலையைத் திருப்பிப் பார்த்தேன். பூச்சியும் இல்லை ஒன்றும் இல்லை. "டீச்சர்" என்றேன், "அந்த ஆறாவது இதழ் ஆர்ட கை?"

முதல் தடவையாக அவருடைய கேள்வி அவரிடமே போனது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அஸர் தொழுகைக்கு நேரமாப் பெய்த்து" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு கலியாண வீட்டில் தூரத்தில் கண்டதோடு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு செடியடியில் நின்றேன். டீச்சருடைய பொய்யை நான் ஏன் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு கோபம். ஹலீமா எண்ணிப் பார்த்துவிட்டால் பிரேமுக்குள் இருக்கிற சி என்ன ஆகும், அவள் என்ன ஆவாள் என்று ஒரு பயம். செடியோ அன்றைக்கென்று கொப்புக் கொப்பாகப் பூத்திருந்தது. கத்தியை ஓங்குவதற்குள் படலை திறந்தது.

"என்ன ராத்தா, பூத்த மரத்த வெட்டப் போறீங்களா?" ஹலீமா வந்து பூவைக் கையில் ஏந்தினாள். "எங்கட வேலிப் பூதானே இது? அதே நிறம்."

"பூச்சி புடிச்சிரிக்கி" என்றேன்.

அவள் பூவை விடவில்லை. "நீங்களும் எண்ணிப் பாத்திரிக்கீங்க, என்ன?" என்றாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன். "எத்தின வருசம் அந்த வேலிக்குள்ள குடியிரிந்த நான். எங்கட பூ அஞ்சு இதழ் எண்டு எனக்குத் தெரியாதா ராத்தா? அந்த டீச்சர் கதை செல்லக்குள்ளேயே தெரியும்."

"அப்ப அவ பொய் செல்லிரிக்கா எண்டு தெரிஞ்சிக்கிட்டா இவ்வளவு நாளும்..."

"அவங்க என்னத்துக்குப் பொய் செல்றாங்க? பொய் செல்லினது எண்ட மகள்." ஹலீமாவின் முகம் மலர்ந்திருந்தது. "தப்பாக் கீறிட்டு, ஏச்சுக்குப் பயந்து, வேற பூவில ஒரு இதழப் பிச்சுச் சோத்துப் பசையால ஒட்டிக் கொண்டு பெய்த்திரிப்பாள். அவள் அப்பிடித்தான். இழுத்த உடன கையோட வந்திட்டு எண்டு டீச்சர் செல்லினத நீங்க கேக்கல்லயா? அந்தச் செக்பொயின்ட்டில புடிபடாமப் பெய்த்த ஒரே ஆள் எண்ட புள்ளதான் ராத்தா."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு.